வலியறிதலும் நல்லெண்ணெயும்

திருக்குறளின் பொருட்பாலிலே 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. வினை ஒன்றில் இறங்குமுன் வேந்தன் எவ்வெவ் வலிமைகளைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பதை அவ்வதிகாரம் எடுத்துரைக்கின்றது. நாடும் படையும் துணையும் உடையானுக்குச் சொல்லிய நெறி அது. எனினும், உடம்பு ஒன்றையே படையாகவும் பொருளாகவும் கொண்டு வாழ்கின்ற உழைப்பாளிக்கு அந்நெறி இன்னும் இன்றியமையாதது. வேந்தனது வலி குன்றினால் துணைவலி கொண்டு அவன் ஈடுசெய்வான். கொழுந்துக் கூடை சுமந்து மலையேறும் பெண்ணின் கால்வலி குன்றினால் அதற்கு ஈடாக அவளிடம் யாது உளது?

உடம்பின் வலிமை எவ்வளவு, அது குறைந்ததாயின் எவ்விடத்திற் குறைந்தது, எக்காரணத்தாற் குறைந்தது என்பவற்றை அறிதற்கு மருத்துவ நூலார் வகுத்துள்ள சோதனைகள் பல. அவற்றுட் சில வெறுங்கையாற் செய்யத்தக்கன. சில மின்கருவி கொண்டு செய்யத்தக்கன. அவற்றின் அருமையை உணர மேலைநாட்டு வரலாறுகளைத் தேடிப் போகவேண்டுவதில்லை. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே 1977, 1978ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு துன்ப நிகழ்ச்சியே அதற்குச் சாலும். உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றுவிட்ட அந்நிகழ்ச்சியை நம்மவருட் பலர் அறியார். ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை அறிந்திருத்தல் நன்று.

யாழும் நரம்பும்

'வலி' என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். 'நரம்பு' என்னும் சொல்லோ யாழிற் கட்டிய தந்திக்கும் உடம்பினுள் ஓடும் இழைக்கும் பொதுவாக வழங்குவது. இவ்விரண்டாவது சொல்லின் இருபொருளும் நாம் இங்கே பேசப் புகுந்த பொருளை விளக்கப் பெரிதும் உதவும்.

யாழ் ஒன்று இசைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். குறை எங்கே இருக்கலாம்? மீட்டுவோன் மனங்கொள்ளாதிருக்கலாம், அவன் விரல் பழுதுற்றிருக்கலாம், தந்தி அறுந்திருக்கலாம், தந்தியை யாழுடன் பிணிக்கும் கட்டுத் தளர்ந்திருக்கலாம், யாழின் உடலே பிளந்திருக்கலாம். ஓசை எழாமை ஒன்றுதான். அதன் காரணங்களோ ஐந்து. இசையறியாதான் யாழைத் தூக்கி எறிந்துவிடுவான். அறிந்தவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான்.

உடம்பின் அசைவும் இத்தகையதே. மூளையிலே கட்டளை பிறக்கின்றது. முதுகெலும்பினுள் இருக்கும் முண்ணாண் வழியாக அது கீழிறங்குகின்றது. அங்கிருந்து நரம்பிழைகள் அதனைக் கைக்கும் காலுக்கும் ஏந்திச் செல்கின்றன. நரம்பின் முடிவும் தசையும் கூடுமிடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அதனை நரம்புத்தசைச் சந்தி என்பர். அவ்விடத்தில் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் சுரந்து கட்டளையைத் தசைக்கு ஒப்புவிக்கின்றது. தசை சுருங்குகின்றது, மூட்டு அசைகின்றது. இவ்வழியில் எவ்விடத்திற் பழுது நேரினும் வெளியே தெரிவது ஒன்றே: 'ஏலாது' என்று அம்மனிதன் சொல்வான்.

இலங்கைத் தமிழரின் வாய்ச்சொல்லாகிய அந்த 'ஏலாது' என்பது 'மாட்டேன்' என்பதினின்றும் முற்றிலும் வேறானது. முன்னது ஆற்றல் இன்மை. பின்னது விருப்பம் இன்மை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால் விளையும் கொடுமைகள் பல. ஏலாமை எவ்விடத்தது என்று கண்டு சொல்வதே வலியறி சோதனைகளின் முழுநோக்கம் எனலாம்.

மலைச்சரிவிலே ஒரு தளர்ச்சி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலே தோட்ட வாழ்வைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். அங்கே வலிமை நாள்தோறும் நிறுக்கப்படுகின்றது. காலையிற் பிரட்டுக்களத்திலே பெயர் பதிவாகும். பின்னர்க் கொழுந்து தராசிலே ஏறும். குறித்த நிறையை எட்டாதவருக்கு அரைப்பேரே விழும் என்பது தோட்டத்து வழக்கு. ஆயினும் அத்தராசு கொழுந்தை நிறுக்குமேயன்றிக் கொய்தவளின் தசையை நிறுக்காது. இன்று நிறை ஏன் குறைந்தது என்று கேட்க அதற்கு நாவில்லை.

சமநிலத்தில் வாழ்வோர் பாதத்தைத் தூக்கும் தசையைப் பற்றி நினைப்பதேயில்லை. மலைச்சரிவில் வாழ்வோருக்கோ படிக்கட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் ஒவ்வோர் அடியும் அத்தசையின் தயவால் நடப்பதே. முழந்தாளின் கீழ் முன்புறத்தே இருக்கும் அத்தசை தளர்ந்தால் பாதம் தொங்கிப்போகும். விரல் நுனி கல்லிலே தட்டும். தட்டாதிருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடக்க நேரும்.

1977, 1978ஆம் ஆண்டுகளிலே தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள் இத்தகைய தளர்ச்சிக்கு ஆளாயினர். உடம்பின் நடுப்பகுதியை அண்டிய பெருந்தசைகள் அல்ல, கைகால்களின் கடைப்பகுதித் தசைகளே முதன்மையாகத் தாக்குண்டன. பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க என்னும் மருத்துவ அறிஞர் இந்நோயாளரை ஆராய்ந்தார். அவரும் ஜே. ஜெயரத்தினம் என்னும் அறிஞரும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை 1981ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' இதழில் அச்சாயிற்று. அவ்வாண்டிலேயே, நோயாளரை மூன்றாண்டுக் காலம் தொடர்ந்து சோதித்துக் கண்ட முடிவுகளைச் சேனாநாயக்க வேறோர் ஆய்வுரையாக வெளியிட்டார்.

இவ்வாறு தளர்ந்த ஒரு பிள்ளையை மருத்துவர் எவ்வாறு சோதிப்பர்? முறையாகக் காண்போம்.

கையே கருவி

முதற் கருவி மருத்துவரின் கையே. ஒவ்வொரு மூட்டாக, ஒவ்வோர் அசைவாக, நோயாளியை அசைக்கச் சொல்லித் தம் கையால் எதிர்த்து அழுத்தி அவர் பார்ப்பார். இதனை எண்ணால் அளவிடும் வழக்கம் இளம்பிள்ளை வாதத்தாற் கால் விளங்காது போன குழந்தைகளின் பொருட்டு அமெரிக்காவிலே தோன்றியது. பொஸ்டன் நகரின் இறொபேட் லவெற் என்னும் எலும்பு மருத்துவரும் அவர்தம் உதவியாளர் வில்ஹெல்மின் றைற் என்னும் பெண்மணியும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கு வழிகோலினர். இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்த போர்வீரரைச் சோதிக்க வேண்டியிருந்தமையால், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943ஆம் ஆண்டில் ஒரு கையேட்டை வெளியிட்டு அவ்வளவை நிலைநாட்டியது. இன்றும் உலகெங்கும் வழங்குவது அதுவே.

அவ்வளவில் ஆறு படிகள் உள்ளன. தசையிலே சிறு துடிப்பும் இல்லையாயின் 0. துடிப்பு மட்டும் கண்ணுக்கோ விரலுக்கோ புலப்பட்டு மூட்டு அசையாதாயின் 1. புவியீர்ப்பு எதிர்க்காதவாறு உறுப்பைக் கிடையாக வைத்தால் அசையுமாயின் 2. ஈர்ப்பை எதிர்த்து உயர்த்த முடியுமாயின் 3. அதனோடு மருத்துவர் கையின் எதிர்ப்பையும் ஓரளவு தாங்குமாயின் 4. இயல்பான முழு வலிமை 5. மேசையும் மெத்தையும் இல்லாத லயக் காம்பராவிலும் செய்யத்தக்க சோதனை இது. வேண்டுவன பழகிய கையும் பொறுமையுமே.

இதற்குக் குறையும் உண்டு. நான்காம் படி மிக அகன்றது. ஒரு விரலால் மடக்கத்தக்க கையும், இரு கையாலும் அரிதின் மடக்கத்தக்க கையும் அப்படியிலேயே அடங்கிவிடும். சோதிப்பவரின் வலிமையும் கணக்கிற் கலந்துவிடும். ஆகவே விசைமானி என்னும் கருவியும் துணைக்கு வந்தது. பாரிஸ் நகரில் எட்ம் றெனியே என்பவர் 1798ஆம் ஆண்டிலேயே மனிதரின் பிடிவிசையை அளக்கும் கருவி ஒன்றை விவரித்தார். இக்காலத்து மருத்துவமனைகளில் முழங்கையைச் செங்கோணமாக மடித்து இருக்கச் செய்து, மும்முறை பிடிக்கச் சொல்லிக் கிலோகிராமில் அளவெடுப்பர்.

கொழுந்து கொய்பவளுக்கு முழுக்கையின் பிடியினும் பெருவிரலும் அடுத்த விரல்களும் கூடும் கிள்ளுவிசையே பெரிது. அதனை அளக்கவும் தனிக்கருவி உண்டு. நரம்பின் கடைக்கோடி பழுதுபடும் நோயில் கையிலே முதலில் மெலிவது இக்கிள்ளலுக்கு உதவும் சிறு தசைகளே. எனவே, அந்நோய் அத்தொழிலாளியை அவள் பிழைப்பின் நுனியிலேயே தாக்குகின்றது.

கருவியே வேண்டாத சோதனைகளும் உள்ளன. குதிகாலால் நடக்கச் சொன்னால் பாதந்தூக்கும் தசையின் நிலை தெரியும். முன்விரலால் நடக்கச் சொன்னால் கெண்டைக்கால் தசையின் நிலை தெரியும். குந்தியிருந்து கையூன்றாது எழச் சொன்னால் இடுப்பும் தொடையும் தம் நிலையை உரைக்கும். எழ மாட்டாது தன் தொடைகளிலேயே கையை ஊன்றி ஏறுவது போல ஒரு பிள்ளை எழுமாயின், குறை பெரும்பாலும் தசையிலேயே உளது என்று ஐயுற இடமுண்டு. நம் தோட்டத்துப் பெண்களின் தளர்ச்சி இதற்கு மறுதலையானது. அவர்தம் குறை நடுவிலன்றிக் கடையிலே இருந்தது. ஆகவே தசையைக் காட்டிலும் நரம்பின்மீதே ஐயம் சென்றது.

சுத்தியலும் மின்சாரமும்

அடுத்தது சிறு இறப்பர்ச் சுத்தியல். முழந்தாட் சில்லின் கீழ் மெல்லத் தட்டினால் கால் தானே உதைக்கும். இதனைத் தெறிவினை என்பர். 1875ஆம் ஆண்டில் ஜெர்மனியரான ஏர்ப், வெஸ்ற்பால் என்னும் இருவரும் தனித்தனியே இதனை மருத்துவச் சோதனையாக எடுத்துரைத்தனர். நரம்பு பழுதுற்றால் தெறிவினை மங்கும் அல்லது மறையும். மூளையினின்றும் முண்ணாண் வழியே இறங்கும் பாதை பழுதுற்றாலோ தெறிவினை அடங்காது மிகும். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்குவதே வளர்ந்தோர்க்கு இயல்பு. அது மேல்நோக்கி எழுமாயின் அவ்விறங்குபாதை பழுதென அறிக என்று பாரிஸ் நகரத்துப் பபின்ஸ்கி 1896இல் உரைத்தார். ஒரு சுத்தியலும் ஒரு சாவியும் கொண்டு, குறை மேலேயோ கீழேயோ என்று பகுத்துவிடலாம்.

இதற்கு மேல் நுணுகிச் செல்ல மின்சாரம் வேண்டும். நரம்பிலே செய்தி ஓடும் வேகம் அளக்கவொண்ணாதது என்றே ஒரு காலத்து அறிஞர் எண்ணினர். ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1850ஆம் ஆண்டில் தவளையின் நரம்பில் அதனை அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் என்று காட்டினார். மனிதரின் கைநரம்பில் அது 50 மீற்றரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

அளக்கும் முறை எளிது. முழங்கையிலே நரம்பின்மீது சிறு மின்துடிப்பைக் கொடுத்து, கைத்தசை எப்பொழுது துடிக்கின்றது என்று குறிப்பர். பின்னர் மணிக்கட்டிலே கொடுத்துக் குறிப்பர். இரண்டு இடங்களுக்கும் இடைத்தூரம் 25 சதமமீற்றர் என்றும், இரண்டு நேரங்களின் வேறுபாடு ஆயிரத்தில் 5 செக்கன் என்றும் கொண்டால், வேகம் செக்கனுக்கு 50 மீற்றர் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் கணக்கிடுவான். மணிக்கட்டிலிருந்து தசைவரை செல்ல எடுக்கும் நேரத்தைக் கடைத்தாமதம் எனலாம். வேகம் வேறு, கடைத்தாமதம் வேறு. இவ்வேறுபாட்டிலேதான் நம் நிகழ்ச்சியின் திறவுகோல் உளது.

மற்றொன்று தசை மின்வரைவு. நுண்ணிய ஊசி ஒன்றைத் தசையிற் செலுத்தி அதன் மின்னோட்டத்தைக் கேட்டும் கண்டும் அறிவது அது. ஓய்ந்திருக்கும் தசை அமைதியாக இருத்தல் இயல்பு. நரம்பை இழந்த தசையோ தலைவனை இழந்த ஊர்போலத் தனக்குள்ளே சலசலக்கும்.

இம்முறைகளாற் சோதித்தபோது, தோட்டத்துப் பெண்களின் கடைத்தசைகள் நரம்பை இழந்திருந்தமை மின்வரைவிலே தெரிந்தது. நரம்பின் மேற்பகுதியில் வேகம் பெரிதும் குறைந்திலது. கடைத்தாமதமோ மிக நீண்டிருந்தது. அஃதாவது, நரம்பு நெடுகிலும் கெடவில்லை; நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வந்தது. தேயிலைச் செடியின் கிளை நுனியிலிருந்து கருகி வருவதுபோல என்று கொள்க.

இக்குறிப்புப் பிற நோய்களை விலக்க உதவுவது. இளம்பிள்ளை வாதம் முண்ணாணிலுள்ள உயிரணுக்களைத் தாக்குவது. பெரும்பாலும் ஒருபுறம் மிக்கும் ஒருபுறம் குறைந்தும் தோன்றுவது. பிரெஞ்சு மருத்துவர் 1916இல் விவரித்த கில்லன்–பாரே என்னும் நோயிலே நரம்பின் உறையே பெரும்பாலும் அழிவதால் வேகம் நன்கு குறைந்துவிடும். நுனியிலிருந்து படும் நரம்போ நஞ்சின்மீது ஐயங்கொள்ளச் செய்வது. மிக நீண்ட நரம்பிழைகளே அத்தகைய நஞ்சுக்கு முதலில் இரையாகும். பாதத்துக்குச் செல்லும் நரம்பே உடம்பில் நீளமானது. ஆதலாற் பாதம் முதலில் தொங்கியது.

எந்த நஞ்சு?

நோயை மட்டும் நாடினால் போதாது, நோயின் முதலையும் நாடுக என்பது குறளின் 'மருந்து' அதிகாரம் நமக்கு உணர்த்தும் நெறி. இங்கே அந்நெறி எத்துணைப் பயன்பட்டது என்பதைக் காண்க. தளர்ந்தவர் ஆண்களல்லர், முதியோருமல்லர். பருவமெய்தும் வயதினரான பெண்பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும் உரியதாய் வீட்டிலே கொடுக்கப்படுவது யாது?

தமிழர் இல்லங்களிலே பெண் பெரியபிள்ளையானால் உளுந்தும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து அவள் உடம்பைத் தேற்றுவது நெடுநாள் வழக்கம். தமக்கென ஒன்றும் வாங்காத தாய்கூட அந்நாள்களில் மகளுக்கென்று நல்லெண்ணெய் வாங்கி வைப்பாள். எள்ளின் நெய்யே எண்ணெய். பிற்காலத்தில் எல்லா நெய்மங்களுக்கும் அப்பெயர் பொதுவாயினமையின், பழைய எள்ளெண்ணெயை 'நல்ல' என்னும் அடைகொடுத்துச் சிறப்பித்தனர் தமிழர். அத்தகைய நல்லெண்ணெயிலேயே நஞ்சு இருந்தது.

எண்ணெயைச் சோதித்தபோது ட்ரைகிரெசைல் பொஸ்பேற் என்னும் இரசாயனப் பொருள் அதிற் கலந்திருக்கக் கண்டனர். இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்ரிக்குத் தொழிலிலும் பயன்படுவது அது. உணவிற் கலந்தால் நாவுக்கோ மூக்குக்கோ எளிதிற் புலப்படாது. கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களிலே பின்னர் நல்லெண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்தமையாற் பெரும்பாலும் இக்கலப்பு நேர்ந்திருக்கும் என்பது ஆய்வாளரின் முடிவு. குறை வழக்கத்தின்மேலதன்று, தாயின்மேலதன்று, எள்ளின்மேலதுமன்று, பாத்திரத்தின்மேலது.

உலகம் இந்நஞ்சை முன்னரே அறிந்திருந்தது. மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவிலே 1930ஆம் ஆண்டில், இஞ்சிச் சாறு என்று விற்கப்பட்ட மதுக்கலவையில் இதனைச் சேர்த்தமையாற் பல்லாயிரவர் கால் தளர்ந்தனர். மொறொக்கோ நாட்டிலே 1959இல், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெயை உண்டு ஏறத்தாழப் பதினாயிரவர் முடங்கினர். அங்கெல்லாம் வஞ்சனை இருந்தது. நம் மலைநாட்டிலோ ஒரு கொள்கலத்தைக் கழுவாத கவலையின்மையே போதியதாயிற்று.

மூன்றாண்டுப் பொறுமை

சோதனை என்பது ஒருநாட் செயலன்று. இந்நஞ்சு கைகால் நரம்பை மட்டுமன்றி, முண்ணாணில் மூளையினின்றும் இறங்கும் நெடும்பாதையையும் தாக்கும். ஆயின் நரம்பு பட்டிருக்கும் காலத்தில் அக்குறை மறைந்திருக்கும். தந்தி அறுந்த யாழில் மீட்டுவோன் விரலின் பிழை தெரியாததுபோல என்க. நரம்பு மெல்ல மெல்லத் தளிர்த்து மீண்டும் தசையைச் சேரும்பொழுதுதான், தெறிவினை மிகுதலும் கால் விறைத்தலும் தலைகாட்டும். நோயாளரை மூன்றாண்டு தொடர்ந்து சோதித்தமையாலன்றோ இது விளங்கிற்று! ஒருமுறை கண்டு, 'தேறிவிடுவாள்' என்று அனுப்பியிருந்தால், பின்வந்த விறைப்பின் காரணத்தை யாரும் அறிந்திரார்.

பட்ட நரம்பை உடனே உயிர்ப்பிக்க மருந்தில்லை. பயிற்சியும் பாதத்தைத் தாங்கும் பட்டையும் காலமுமே துணை. ஆனால் நஞ்சின் ஊற்றைக் கண்டறிந்தால் அடுத்த பிள்ளையைக் காக்கலாம். வலியறி சோதனையின் பெரும்பயன் அதுவே. அது சோதிக்கப்படுபவளுக்கு மட்டும் உரியதன்று. அவளுக்குப் பின் பருவமெய்தும் தங்கைக்கும் உரியது.

தலையணையிலிருந்து தலை எழுமா?

பேராதனையிலிருந்து உலகுக்குச் சென்ற இரண்டாவது பாடம் ஒன்றும் உண்டு. நரம்புத்தசைச் சந்தியைப் பற்றிய பாடம் அது. 1987ஆம் ஆண்டில் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழிலே பத்து நோயாளரைப் பற்றி எழுதினர். பொஸ்பரசு சேர்ந்த பூச்சிகொல்லிகளால் நஞ்சுண்டவர் அவர்கள். முதனாட் கொடுமை தணிந்து, பிழைத்தார் என்று எண்ணியிருக்கும்போது, 24 மணி முதல் 96 மணி நேரத்துள் கழுத்தும் தோளும் இடுப்பும் மூச்சுத் தசைகளும் தளர்வதை அவர்கள் கண்டனர். முதனாள் நிலைக்கும், வாரங்கள் கழித்து வரும் நரம்புத் தளர்ச்சிக்கும் நடுவே தோன்றுவதால் அதனை 'இடைநிலை நோய்க்குறி' என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அது.

அதனைக் கண்டறிந்த முறை நோக்கத்தக்கது. நரம்புக்கு ஒரு மின்துடிப்புக் கொடுத்தால் தசை ஒழுங்காகவே துடித்தது. விரைவாகத் தொடர்ந்து கொடுத்தபோதோ துடிப்புச் சிறுத்துச் சிறுத்து மங்கியது. தந்தியும் நன்று, யாழுடலும் நன்று, இடையிலுள்ள கட்டே தளர்ந்தது என்பதற்கு அது சான்று. இக்கருவி இல்லாத சிறு மருத்துவமனையிலும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு: படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுதல். தூக்க முடியாதாயின் மூச்சுத் தளர்ச்சி அணுகலாம் என்று எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ணமுடிகின்றது என்று கேட்பதும் அத்தகைய எளிய சோதனையே. மரக்கறித் தோட்டங்களிற் பூச்சிகொல்லி தெளிக்கப்படும் நுவரெலியாப் பகுதியில் இவ்வறிவு உயிர்காக்கும் அறிவாகும்.

ஆசிரியர் கடன்

மருத்துவர் செய்வதை நாம் செய்தல் இயலாது, செய்யவும் கூடாது. ஆயினும் பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியரே. நேற்றுவரை படியில் ஓடிய பிள்ளை இன்று கைப்பிடியைப் பற்றி ஏறுகின்றதா? செருப்பு அடிக்கடி கழன்று விழுகின்றதா? எழுதுகோல் விரலில் நில்லாமல் எழுத்துச் சிதைகின்றதா? காலையில் நன்றாயிருந்து மாலையில் இமை தொங்கிக் குரல் மங்குகின்றதா? இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டும் குறி. கடைசியிற் சொன்ன குறி நரம்புத்தசைச் சந்தியின் நோயை ஐயுறச் செய்வது.

இலங்கையிலே 1993ஆம் ஆண்டுக்குப் பின் இளம்பிள்ளை வாத நோயாளர் எவரும் காணப்படவில்லை. எனினும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கைகால் துவண்டால், காரணம் யாதாயினும் உடனே சுகாதாரத் துறைக்கு அறிவித்து மலத்தைச் சோதித்தல் வேண்டும் என்னும் விதி இன்றும் உண்டு. அந்நோய் மீண்டும் நுழையாதிருக்கக் காக்கும் காவல் அது. ஆகவே துவண்ட பிள்ளையைக் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் கொண்டுசென்று நாள் கடத்துதல் அப்பிள்ளைக்கு மட்டுமன்றி ஊருக்கும் தீங்கு. வேண்டுதலை வேண்டாம் என்போம் அல்லோம்; மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் வேண்டிக்கொள்ளலாம்.

உள்ளத்தின் தாக்கத்தாற் கால் விளங்காது போவதும் உண்டு. அதனையும் மருத்துவர் சோதனையாற் கண்டறிவர். படுத்திருப்பவர் ஒரு காலை உயர்த்த முயலும்போது மற்றைக் குதிகால் கீழே அழுந்துகின்றதா என்று பார்க்கும் ஹூவரின் சோதனை 1908இல் வகுக்கப்பட்டது. அவ்வாறு கண்டாலும் அதனை நடிப்பு என்று இகழ்தல் தகாது. அதுவும் நோயே, அதற்கும் மருத்துவம் உண்டு.

மலைநாட்டு மக்களின் உடல்வலியாலே தேயிலை தளிர்த்தது. அத்தேயிலையால் நாடு தளிர்த்தது. அவர்தம் கொழுந்தை நிறுக்கும் தராசு நூறாண்டுக்கு மேலாகத் தவறாது தொங்கிக்கொண்டிருக்கின்றது. அவர்தம் வலியை நிறுக்கும் தராசும் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு சுத்தியலும், அதனைப் பயன்படுத்தப் பழகிய ஒரு கையும், மாவட்ட மருத்துவமனையில் நரம்பைச் சோதிக்கும் கருவியும் கேட்பது பேராசையன்று. அவையெல்லாம் வரும்வரையிலும் நம்மாற் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பிள்ளை ஒன்று 'ஏலாது' என்று சொன்னால், அதனை 'மாட்டேன்' என்று கேளாதிருப்போமாக.